பிராக்கில் ஒரு நாள்: எதற்குக் காசு கொடுக்கலாம், எதை வெளியே நின்று பார்த்தால் போதும்

செக் குடியரசின் தலைநகரான பிராக், நடந்தே பார்த்துவிடக்கூடிய ஊர். கோட்டை, ஆறு, பாலம், பழைய நகரச் சதுக்கம், யூதர் குடியிருப்பு எல்லாம் சுமார் மூன்று கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். அப்படியிருந்தும் ஒரு நாள் பயணமாகப் போனவர்களில் பலர், கூட்டத்தைத்தான் பார்த்தோம் என்று சொல்லித் திரும்புகிறார்கள். குறை ஊரில் இல்லை, பார்க்கும் வரிசையில்தான். பெரும்பாலானோர் காலை பத்து மணிக்குப் பழைய சதுக்கத்தில் தொடங்குவார்கள், பதினொன்றுக்குச் சார்லஸ் பாலத்தில் நெரிபடுவார்கள், உச்சி வேளையில் மேடேறிப் போய்க் கோட்டை வாசலில் வரிசையில் நிற்பார்கள். இதைத் தலைகீழாக்கிக் காலையில் மேலே தொடங்கி இறங்கி வந்தால் கால்வலியும் பாதி, காத்திருப்பும் பாதி. இன்னொரு லாபமும் உண்டு. இந்த ஊரின் பெரிய வரலாற்றுக் கதை ஒன்று கோட்டையின் ஒரு ஜன்னலில் தொடங்கி, சதுக்கத்தின் தரையில் ஓடி, பாலத்தின் கோபுரத்தில் முடிகிறது. மேலிருந்து கீழே வந்தால் அந்தக் கதையும் வரிசையாகவே வந்து சேரும்.

முதலில் போக்குவரத்து. கோட்டைக்கு 22-ஆம் எண் டிராம். மெட்ரோ பி தடத்தின் நாரோத்னி திரீதா நிலையத்துக்கு மேலேயோ, ஏ தடத்தின் மாலோஸ்த்ரான்ஸ்கா நிலையத்துக்கு வெளியேயோ ஏறலாம். மாலோஸ்த்ரான்ஸ்காவிலிருந்து இரண்டாவது நிறுத்தம் பிராஸ்கி ஹ்ராட். அங்கிருந்து கோட்டையின் வடக்கு வாசல் ஐந்து நிமிட நடைதான், மேடே கிடையாது. மாலோஸ்த்ரான்ஸ்காவில் இறங்கிப் படிக்கட்டு வழியாக ஏறுகிறவர்கள், பார்க்கத் தொடங்கும் முன்பே களைத்துவிடுகிறார்கள். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை என்றால் ஒரு நிறுத்தம் முன்னதாக, க்ராலோவ்ஸ்கி லெட்டோஹ்ராதெக்கில் இறங்கி அரச தோட்டத்தின் வழியாக நடந்து போகலாம். தோட்டத்துக்குக் கட்டணம் இல்லை. குளிர்காலத்தில் அது பூட்டியிருக்கும்.

டிக்கெட்டில் வெளியூர்க்காரர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. நிலையத்து இயந்திரத்தில் வாங்கும் காகித டிக்கெட்டை மஞ்சள் பெட்டியில் செருகி நேர முத்திரை பதித்தால்தான் அது செல்லும். முத்திரை இல்லாத டிக்கெட், டிக்கெட் இல்லாததற்குச் சமம். பரிசோதகர்கள் சாதாரண உடையில் வருவார்கள், ‘தெரியாது’ என்ற பதில் எடுபடாது, அபராதம் ஆயிரம் கொருனாவுக்கு (செக் நாணயம்) குறையாது. டிராமுக்குள்ளேயே இருக்கும் கருவியில் வங்கி அட்டையைத் தொட்டு எடுக்கும் டிக்கெட்டில் நேரம் ஏற்கெனவே பதிவாகியிருக்கும், அதற்குத் தனி முத்திரை வேண்டாம். செல்பேசிச் செயலியில் வாங்கினால், செயல்படுத்திய பிறகு அது செல்லுபடியாக ஒன்றிரண்டு நிமிடம் ஆகும். வண்டி வந்த பிறகு பொத்தானை அழுத்துவது தவறு, நிறுத்தத்தில் காத்திருக்கும்போதே அழுத்திவிட வேண்டும்.

நாள் முழுவதற்குமான டிக்கெட் இந்தப் பாதைக்குத் தேவையே இல்லை. மேலே போக ஒன்று, இரவு விடுதி திரும்ப ஒன்று என்று இரண்டு குறுநேர டிக்கெட் போதும், மற்றதெல்லாம் நடைதான். நகராட்சியின் சுற்றுலாப் பிரிவு விற்கும் பிராக் விசிட்டர் பாஸ் 48 மணி நேரத்திலிருந்துதான் தொடங்குகிறது. ஒரு நாள் மட்டும் இருப்பவருக்கு அதில் காசு திரும்பாது.

கோட்டை: ஒரே டிக்கெட், நான்கு இடங்கள்

கோட்டை என்றதும் ஒரே கட்டடத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கி ஆயிரம் ஆண்டுக்கு மேல் கட்டிக்கொண்டே வந்த வளாகம் இது. ஏறத்தாழ 70,000 சதுர மீட்டர் பரப்பு. முற்றங்களும் தெருக்களும் காலை 6 மணி முதல் இரவு 10 வரை இலவசமாகத் திறந்திருக்கும். உள்ளே போகும் கட்டடங்களுக்குத்தான் டிக்கெட். அவை காலை 9 மணிக்குத் திறந்து, கோடையில் மாலை 5-க்கும் குளிர்காலத்தில் 4-க்கும் மூடும். வாசலில் பாதுகாப்புச் சோதனை இருக்கலாம். பெட்டி, பெரிய மூட்டையோடு வந்து நிற்க வேண்டாம், அவற்றை ரயில் நிலையப் பெட்டகத்தில் போட்டுவிட்டு வாருங்கள். எட்டே முக்காலுக்குள் உள்ளே இருப்பது நல்லது. ஒன்பதரைக்குப் பேருந்துக் கூட்டங்கள் வரத் தொடங்கிவிடும்.

முதன்மைச் சுற்று டிக்கெட்டின் விலை 450 கொருனா அளவில் இருக்கிறது. புனித வைட்டஸ் பேராலயம், பழைய அரண்மனை, புனித ஜார்ஜ் தேவாலயம், பொன் சந்து ஆகிய நான்கும் அதில் அடக்கம். இரண்டு நாள் செல்லும், ஆனால் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரே ஒரு முறைதான் நுழைவு. வெளியே வந்த பிறகு, ‘இன்னொன்றைப் பார்க்க மறந்துவிட்டேன்’ என்றால் விடமாட்டார்கள். இந்த ஊரில் கொடுக்கும் காசுக்கு மிக அதிகம் திருப்பித் தரும் டிக்கெட் இதுதான்.

பேராலயத்துக்கு முதலில் போக வேண்டும், ஏனென்றால் வரிசை நீள்வது அங்கேதான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் விதிவிலக்கு. அன்று காலை வழிபாடு நடக்கும், பார்வையாளர்களை நண்பகல் 12-க்குப் பிறகுதான் விடுவார்கள். அன்று மற்ற மூன்றையும் முடித்துவிட்டுக் கடைசியில் வாருங்கள். கதவுக்கு அருகே ஒரு சிறு பகுதி வரை டிக்கெட் இல்லாமலும் போகலாம். பலர் அங்கே நின்று மேலே பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். பார்க்க வேண்டியவை எல்லாம் கயிற்றுக்கு அப்பால்தான் இருக்கின்றன.

1344-இல் அராஸ் நகரத்து மத்தியாஸ் என்ற பிரெஞ்சுச் சிற்பி இதைத் தொடங்கினார். அவருக்குப் பின் இளைஞரான பீட்டர் பார்லர் பொறுப்பேற்றார். பதினைந்தாம் நூற்றாண்டில் ஹுசைட் என்ற மதச் சீர்திருத்தக்காரர்களின் போர்களில் வேலை நின்றது. பாதிக் கோயில் தற்காலிகச் சுவர் ஒன்றோடு நூற்றாண்டுக் கணக்கில் அப்படியே நின்று, 1873-இல் வேலை மீண்டும் முழு மூச்சாகத் தொடங்கி, 1929-இல்தான் நிறைவடைந்தது. ஆகவே, முதலில் கண்ணில் படும் இரட்டைக் கோபுர முகப்பு பத்தொன்பது, இருபதாம் நூற்றாண்டு வேலை. பலிபீடப் பக்கம்தான் உண்மையான பதினான்காம் நூற்றாண்டு. வெளியே தெற்குப் பக்கம் நின்று பெரிய கோபுரத்தைக் கீழிருந்து மேலாகப் பாருங்கள். அடியில் கோதிக், நடுவே மறுமலர்ச்சிக் கால மாடம், உச்சியில் பரோக் குவிமாடம். ஒரே கோபுரத்தில் மூன்று காலங்கள் அடுக்கியிருக்கும்.

உள்ளே நுழைந்ததும் இடது வரிசையில் மூன்றாவது சிற்றாலயத்தில் அல்போன்ஸ் மூக்கா வரைந்த 1931-ஆம் ஆண்டு ஜன்னல் இருக்கிறது. மற்ற ஜன்னல்களில் வண்ணக் கண்ணாடித் துண்டுகளை ஈயத்தில் கோத்திருப்பார்கள். இதில் கண்ணாடியின் மேலேயே வண்ணம் தீட்டியிருக்கிறது. அதனால்தான் முகங்களில் அவ்வளவு மென்மை. பலிபீடத்தைச் சுற்றிப் போனால், 1393-இல் ஆற்றில் தள்ளிக் கொல்லப்பட்ட புனிதர் நெபோமுக் ஜானின் வெள்ளிக் கல்லறை வரும். ஏறத்தாழ இரண்டு டன் வெள்ளி. அதற்கு அப்பால் புனித வென்செஸ்லாஸ் சிற்றாலயம். சுவரில் வண்ணக்கற்களைப் பதித்து இடையிடையே பொன் பூசியிருப்பார்கள். உள்ளே விடமாட்டார்கள், வாசலில் நின்றுதான் பார்க்க வேண்டும். வாசல் இரண்டு என்பதால் ஒன்றில் கூட்டம் என்றால் மற்றொன்றுக்கு நகரலாம். செக் நாட்டின் பழைய அரசான பொகீமியாவின் மணிமுடி இருக்கும் அறைக்கு இதன் மூலையில் உள்ள கதவு வழியாகத்தான் போக வேண்டும். அதற்கு ஏழு பூட்டு. குடியரசுத் தலைவர், பிரதமர், பேராயர், நகரத் தந்தை உட்பட ஏழு பேரிடம் ஆளுக்கொரு சாவி. எழுவரும் கூடினால்தான் திறக்கும்.

தெற்குக் கோபுரத்துக்குத் தனி டிக்கெட். 287 படி, சுருள் படிக்கட்டு, மின்தூக்கி இல்லை, ஏறுகிறவரும் இறங்குகிறவரும் அதே ஒடுக்கத்தில் ஒதுங்கி வழிவிட வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் சிறு குழந்தைகளோடு வருபவர்களுக்கும் வேண்டாம். கோட்டையின் கிழக்கு வாசலுக்கு வெளியே உள்ள சுவரோரத்திலிருந்தே ஆறும் கூரைகளும் இலவசமாகத் தெரியும். பேராலயத்தை விட்டு வெளியே வந்ததும் மூன்றாம் முற்றத்தில் தெற்கு வாசலுக்கு மேலே பாருங்கள். இறுதித் தீர்ப்பைக் காட்டும் மொசைக் ஓவியம், 1370-களின் தொடக்கத்தில் செய்தது. இதற்கும் காசில்லை, ஆனால் பாதிப் பேர் நிமிர்ந்து பார்ப்பதே இல்லை.

அடுத்தது பழைய அரண்மனை. வெளியே பார்க்க எளிமையாக இருப்பதால் சிலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அது பெரிய இழப்பு. உள்ளே விளாதிஸ்லாவ் மண்டபம் 62 மீட்டர் நீளம், 16 மீட்டர் அகலம், நடுவில் ஒரு தூண்கூட இல்லை. பெனடிக்ட் ரீட் என்ற கட்டடக் கலைஞர் பதினைந்தாம் நூற்றாண்டின் கடைசியில் அமைத்த கூரையில், கல் விலா எலும்புகள் பூவிதழ்போல் வளைந்து பின்னிக்கொள்ளும். மழை நாட்களில் வீரர்கள் குதிரையேறி ஈட்டிப் போட்டி நடத்தியதும் இங்கேதான். குதிரைகள் ஏறிவர அகலமும் தாழ்வுமான படிகளோடு கட்டிய வழியும் அப்படியே இருக்கிறது, வெளியேறும்போது அதன் வழியாகத்தான் வருவீர்கள்.

மண்டபத்தை ஒட்டிய அறைகளில் ஒன்றுதான் அந்த ஜன்னல் இருக்கும் இடம். 1618 மே 23 அன்று, புராட்டஸ்டன்ட் பிரபுக்கள் கத்தோலிக்கப் பேரரசரின் ஆளுநர்களான ஸ்லாவாதா, மார்தினிட்ஸ் இருவரையும், செயலர் ஃபாப்ரிட்சியுஸையும் இங்கிருந்து வெளியே தூக்கி எறிந்தார்கள். ஏறத்தாழ 20 மீட்டர் ஆழம். மூவரும் பிழைத்தார்கள். ஆனால் அதிலிருந்து மூண்ட முப்பதாண்டுப் போர் மத்திய ஐரோப்பாவையே சுடுகாடாக்கியது. ஜன்னல் சிறியது, பார்த்ததும் இதுவா என்று தோன்றும். ஒரு நிமிடம் நின்று கீழே எட்டிப் பாருங்கள். இந்தப் பெயர்களைச் சாயங்காலம் வரை நினைவில் வையுங்கள்.

புனித ஜார்ஜ் தேவாலயம் 920 வாக்கில் நிறுவப்பட்டது. முகப்பின் சிவப்பு பரோக் வேலையைப் பார்த்து உள்ளேயும் அப்படித்தான் என்று நினைக்க வேண்டாம். உள்ளே பூச்சில்லாத கல்சுவரும் சிறு வளைவுகளுமாக வளாகத்திலேயே அமைதியான இடம் அது. பத்து நிமிடம் போதும்.

நான்காவதான பொன் சந்துதான் நான்கில் பலவீனமானது. 1597-க்குப் பின் கோட்டைக் காவல் வீரர்களுக்காக மதில் வளைவுகளுக்குள் கட்டிக்கொடுத்த குட்டி வீடுகள். ரசவாதிகள் வாழ்ந்த தெரு என்பது பிற்காலக் கதை. 22-ஆம் எண் வீட்டில் எழுத்தாளர் காஃப்கா, தங்கை ஓட்லா வாடகைக்கு எடுத்த இடத்தில், 1916-17 குளிர்காலத்தில் எழுதினார். இப்போது அது புத்தகக் கடை. சந்தின் அகலம் சில அடிதான், பதினொரு மணிக்கு மேல் தோளோடு தோள் உரசும். கட்டடங்கள் மூடிய பிறகு மாலையில் டிக்கெட் கேட்காமலேயே சந்துக்குள் விடுவார்கள். வீடுகளின் உள்ளே போக முடியாது, ஆனால் தெருவின் உண்மையான அழகு அப்போதுதான் தெரியும். இதற்காகவே தனி டிக்கெட் வாங்குவது தேவையில்லை.

நண்பகல் 12 மணிக்கு முதல் முற்றத்தில் எக்காளத்தோடு காவல் மாற்றம் நடக்கும். அது வளாகத்தின் மேற்குக் கோடி, பொன் சந்தோ கிழக்குக் கோடி. அதற்காகத் திரும்பி நடந்து, நான்கு வரிசைத் தலைகளுக்குப் பின்னால் நிற்பதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். மணிக்கொரு முறை நடக்கும் சிறு மாற்றத்தைப் போகிற போக்கில் பார்த்தால் போதும்.

இறங்கும் வழியும் சாப்பாடும்

பொன் சந்திலிருந்து கிழக்கு வாசல் வழியாக வெளியே வந்தால், பழைய கோட்டைப் படிகள் நேராக மாலோஸ்த்ரான்ஸ்காவில் கொண்டுபோய் விடும். நிலையத்துக்குப் பக்கத்திலேயே வாலன்ஸ்டைன் தோட்டம் இருக்கிறது. முப்பதாண்டுப் போரின் தளபதி 1620-களில் போட்ட தோட்டம், இப்போது செனட் சபையின் பொறுப்பில் இருக்கிறது. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை இலவசம். மயில்கள் உலாவும், உட்காரப் பலகைகள் உண்டு, குகைச் சுவர்போல் வடிந்து தொங்கும் செயற்கைக் கல் சுவர் ஒன்று உண்டு. மூன்று மணி நேரம் கல் தரையில் நடந்த கால்களுக்கு இந்த இடம் அவசியம்.

கத்தோலிக்க வாசகர்களுக்கு இந்தப் பகுதியில் இன்னொரு காரணமும் இருக்கிறது. தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளிலும் ஆலயங்களிலும் வணங்கும் குழந்தை இயேசு திருவுருவத்தின் மூலச் சிலை, இங்கே கார்மெலித்ஸ்கா தெருவில் வெற்றி அன்னை ஆலயத்தில்தான் இருக்கிறது. ஸ்பெயினிலிருந்து வந்தது, 1628-இல் பொலிக்சேனா என்ற சீமாட்டி கார்மேல் சபைத் துறவிகளுக்கு அளித்தது. அரை மீட்டருக்கும் குறைவான உயரம், அதனால் நுழைந்தவுடன் கண்ணில் படாது. வலப்பக்கப் பீடத்தில் கண்ணாடிக்குள் பாருங்கள். பல நாடுகளிலிருந்து வந்த அங்கிகளை மாடியில் வைத்திருக்கிறார்கள். நுழைவு இலவசம். 22-ஆம் டிராமின் ஹெல்லிகோவா நிறுத்தம் அருகில்.

மதியச் சாப்பாட்டுக்கு எளிய விதி ஒன்று. சதுக்கத்திலும் பாலத்தின் இரு முனையிலும் உட்கார வேண்டாம். இரண்டு தெரு உள்ளே தள்ளிப் போனாலே விலை இறங்கும். வார நாட்களில் பதினொன்று முதல் இரண்டு மணி வரை உள்ளூர் அலுவலர்களுக்காக மதியப் பட்டியல் வைக்கும் கடைகள் உண்டு. அதே சாப்பாடு இரவைவிட மலிவு. மேசையில் கேட்காமல் வைக்கும் ரொட்டிக்குக் காசு போடும் இடங்கள் இருக்கின்றன. வேண்டாம் என்றால் தொடாமல் விட்டுவிடுங்கள். தண்ணீரும் பெரும்பாலும் இலவசம் இல்லை. பரிமாறியவருக்குப் பத்து சதவீதம் வைப்பது வழக்கம்.

சைவர்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும். பொரித்த பாலாடைக்கட்டி எல்லாக் கடையிலும் கிடைக்கும், ஆனால் அதோடு வரும் வெள்ளைச் சாறு முட்டை கலந்தது. உருளைக்கிழங்கு அடையிலும் முட்டை உண்டு. பூண்டு சூப் சைவம்போல் தோன்றும், அடியில் இறைச்சி வேகவைத்த நீரோ பன்றி இறைச்சித் துண்டோ இருக்கும். ‘இறைச்சி இல்லாத உணவு’ என்ற தலைப்பின் கீழேயே மீன் வரலாம். ஆகவே முட்டையா, மீனா, கொழுப்பா என்று தனித்தனியாகக் கேளுங்கள். பழைய நகரத்தைச் சுற்றி இந்திய உணவகங்கள் இருக்கின்றன. தட்டை எடை போட்டுக் காசு வாங்கும் சைவக் கடைகளில் பருப்பும் சோறும் தயிரும் நம்பிச் சாப்பிடலாம்.

சதுக்கத்துக் கடைகளில் சுழன்று வேகும் பன்றித் தொடையின் விலைப்பலகையைக் கூர்ந்து படியுங்கள். எழுதியிருப்பது 100 கிராமுக்கு. அவர்கள் வெட்டித் தருவதோ அதைப்போல் இரண்டு, மூன்று மடங்கு இருக்கும். வெட்டும் முன்பே எத்தனை கிராம் என்று சொல்லிவிட வேண்டும். தெருவெங்கும் ‘பாரம்பரியம்’ என்ற பலகையோடு விற்கும் உருளை வடிவ இனிப்பு ரொட்டி, பிராக்கின் பழைய பண்டம் இல்லை. சுடச்சுடச் சர்க்கரையோடு நன்றாகத்தான் இருக்கும். ஐஸ்கிரீம் திணித்தால் ரொட்டி நனைந்து, விலை மட்டும் ஏறும்.

பணம் மாற்றுவதில்தான் இங்கே அதிகம் இழக்கிறார்கள். நாணயம் செக் கொருனா, யூரோ அல்ல. தெருவில் நல்ல விலை தருகிறேன் என்று வருபவரிடம் மாற்றவே கூடாது, கையில் வருவது வேறு நாட்டின் மதிப்பற்ற தாளாக இருக்கும். கடையில் மாற்றினால் கமிஷன் பூஜ்யம் என்ற எழுத்தைப் பார்க்காமல், இத்தனை யூரோவுக்கு எத்தனை கொருனா கையில் வரும் என்று கேளுங்கள். 2019 ஏப்ரல் முதல் நடப்பிலுள்ள சட்டப்படி, 1,000 யூரோ வரையிலான மாற்றத்தை மூன்று மணி நேரத்துக்குள் ரத்து செய்து பணத்தைத் திரும்பக் கேட்கலாம், ஆகவே ரசீதைக் கிழிக்காதீர்கள். ஏடிஎம்மிலும் கடைக் கருவியிலும் உங்கள் நாட்டுப் பணத்திலேயே கணக்கிடவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லி, கொருனாவையே தேர்ந்தெடுங்கள். அட்டை ஏறக்குறைய எல்லா இடத்திலும் செல்லும். கழிப்பறைக்கு மட்டும் சில்லறை வைத்திருங்கள்.

ஆற்றுக்கு அப்பால்

மதியம் ஆற்றைக் கடக்கச் சார்லஸ் பாலத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். மாலோஸ்த்ரான்ஸ்காவிலிருந்து மானஸ் பாலம் வழியாக நடந்தால், வலப்புறம் சார்லஸ் பாலம் முழுவதும் பக்கவாட்டில் தெரியும். பாலத்தின் மேலே நிற்பவர்களுக்குப் பாலம் தெரியாது என்பதால் படம் எடுக்கவும் இதுவே சரியான இடம். பத்து நிமிடத்தில் யூதர் குடியிருப்பான யோசெஃபோவ் வந்துவிடும்.

இங்கே டிக்கெட் விலை கோட்டையைவிடக் கூடுதல், பல தொழுகைக்கூடங்களுக்குச் சேர்த்துத் தருகிறார்கள். நேரம் குறைவு என்றால் பிங்காஸ் தொழுகைக்கூடம், அதிலிருந்தே வழி போகும் பழைய கல்லறைத் தோட்டம், பிறகு ஸ்பானியத் தொழுகைக்கூடம் என்று மூன்று மட்டும். சனிக்கிழமையும் யூதப் பண்டிகை நாட்களும் முழு விடுமுறை. ஆண்கள் தலையை மூட வேண்டும், காகிதத் தொப்பி வாசலிலேயே கிடைக்கும்.

பிங்காஸ் சுவர்களில், நாஜிகளால் கொல்லப்பட்ட, செக் நாட்டின் பொகீமிய, மொராவியப் பகுதி யூதர் ஏறத்தாழ 80,000 பேரின் பெயர்கள் கையால் எழுதப்பட்டிருக்கின்றன. ஊர் வாரியாக, அகர வரிசையில், பிறந்த நாளும் கடைசியாகத் தெரியவந்த நாளும் சேர்த்து. 1950-களில் வாட்ஸ்லாவ் பொஸ்தீக், யிரி யோன் என்ற இரு ஓவியர்கள் எழுதினார்கள். நிலத்தடி நீர் ஊறி 1968-இல் மூடப்பட்டு, எழுத்துகள் அழிந்து, 1990-களில் மறுபடி முழுவதும் எழுதப்பட்டன. மாடியில் நாஜிகளின் தெரேசின் முகாமில் சிறைப்பட்டிருந்த குழந்தைகள் வரைந்த படங்கள். அவர்களுக்கு வரையக் கற்றுக்கொடுத்த ஃப்ரீட்ல் டிக்கர் பிராண்டைஸ் 1944-இல் ஆஷ்விட்சில் கொல்லப்பட்டார். இந்த இடத்தை இருபது நிமிடத்தில் முடிக்க வேண்டாம், ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். நாள் முழுவதிலும் ஒன்றை மட்டும்தான் பார்க்க முடியும் என்றால் இதைப் பாருங்கள்.

கல்லறைத் தோட்டத்தில் மிகப் பழைய கல் 1439-ஆம் ஆண்டினது, கடைசி அடக்கம் 1787. யூதர்களுக்கு வேறு நிலம் தராததால், மண் கொட்டி அடக்கத்தின் மேல் அடக்கமாகச் செய்தார்கள். சில இடங்களில் பன்னிரண்டு அடுக்கு வரை போகும். மேலே தெரியும் ஏறத்தாழ 12,000 கற்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்பது அதனால்தான். பாதை ஒருவழி, திரும்பி வர முடியாது.

சனிக்கிழமை வந்தவர்கள் அந்த நேரத்தில் மெட்ரோ சி தடத்தில் விஷெஹ்ராட் போகலாம். ஆற்றின் மேல் நிற்கும் பழைய கோட்டை மேடு. பூங்காவுக்குக் கட்டணம் இல்லை, கூட்டமும் குறைவு, இசையமைப்பாளர்கள் த்வோர்ஷாக், ஸ்மெதானா இருவரின் கல்லறைகளும் அங்கே இருக்கின்றன. சார்லஸ் பாலத்தின் மூலச் சிலைகள் சிலவும் அதன் நிலவறையில்தான்.

ஐந்து மணி வாக்கில் பழைய நகரச் சதுக்கம். வானியல் கடிகாரம் 1410-இல் செய்தது, இன்றும் ஓடுகிறது. காலை 9 முதல் இரவு 11 வரை ஒவ்வொரு மணிக்கும் எலும்புக்கூடு மணியடிக்க, இரு ஜன்னல்களில் பன்னிரு சீடர்கள் வந்து போவார்கள், சேவல் கூவும், ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். பார்த்தவர்கள் ஏமாறுவது இந்த நிமிடத்தில்தான். அதற்காக இருபது நிமிடம் முன்னால் வந்து நிற்காதீர்கள். எல்லாரும் மேலே பார்த்துக்கொண்டிருக்கும் அந்த நேரம்தான் ஜேப்படிக்காரர்களின் நேரமும். மணி அடித்துக் கூட்டம் கலைந்த பிறகு அருகே போய் முகப்பைப் படியுங்கள். அருமை அங்கேதான் இருக்கிறது.

நடுவிலுள்ள நீலம் பகல், செம்பழுப்பு அந்தியும் விடியலும், கறுப்பு இரவு. சூரியப் பொம்மை எந்த நிறத்தின் மேல் நிற்கிறதோ வானமும் அப்போது அப்படித்தான். பொன் கை ரோம எண்களில் நம் வழக்கமான மணியைக் காட்டும். அதுவே வெளி வளையத்தின் பொன் எண்களில் பழைய பொகீமிய மணியைக் காட்டும். அந்தக் கணக்கில் நாள் சூரியன் மறையும்போது தொடங்கும், 24 என்றால் அஸ்தமனம். அஸ்தமன நேரம் ஆண்டு முழுவதும் நகர்வதால் அந்த வளையமே முன்னும் பின்னும் திரும்பிக்கொண்டிருக்கும். பாதி வெள்ளி, பாதி கறுப்பான சிறு உருண்டை சந்திரன். அது தன்னைத்தானே சுற்றி வளர்பிறை, தேய்பிறையைக் காட்டும். ராசி வளையம் தனியாக ஓடுவதால் சூரியன் இன்று எந்த ராசியில் என்பதும் தெரியும். பஞ்சாங்கம் பார்த்துப் பழகியவருக்கு இதைப் படிக்க ஐந்து நிமிடம் போதும். கீழேயுள்ள வட்டம் நாட்காட்டி, நாளுக்கு ஒரு பல் நகரும்.

சீடர் பொம்மைகள் பழையவை அல்ல. 1945 மே மாதக் கிளர்ச்சியின்போது நகர மண்டபம் எரிந்ததில் முந்தையவை அழிந்தன, இப்போதுள்ளவை சுகார்தா என்ற மரச்சிற்பி செதுக்கியவை. மண்டபத்துக்குப் பக்கத்தில் காலியாகக் கிடக்கும் புல்தரை, அன்று எரிந்த பகுதி நின்ற இடம். கோபுரத்துக்கு டிக்கெட் உண்டு, மின்தூக்கியும் உண்டு. காலையில் ஏறாதவர்கள் இங்கே ஏறலாம்.

கடிகாரத்தை விட்டுக் கோபுரத்தின் கிழக்குச் சுவரடிக்கு வந்து தரையைப் பாருங்கள். கல்தளத்தில் 27 வெள்ளைச் சிலுவைகள். காலையில் பார்த்த ஜன்னலில் தொடங்கிய கிளர்ச்சி, 1620 நவம்பரில் வெள்ளை மலைப் போரில் தோற்றது. 1621 ஜூன் 21 அன்று அதன் தலைவர்கள் 27 பேரை இந்த இடத்தில் கொன்றார்கள். பெயர்ப்பலகை சுவரில் இருக்கிறது. பெரும்பாலோர் இவற்றை மிதித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்க்கப் போகிறார்கள். எதிரே இரட்டைக் கூம்பு கொண்ட தீன் ஆலயத்தில் வானியல் அறிஞர் டைக்கோ பிராஹேயின் கல்லறை உண்டு, திறந்திருந்தால் எட்டிப் பார்க்கலாம்.

பாலத்துக்கு இருட்டிய பிறகு போங்கள். ஜூனில் சூரியன் மறைய இரவு ஒன்பதேகால் ஆகும், டிசம்பரில் மாலை நான்கு. ஒன்பதுக்கு மேல் கூட்டம் பாதியாகிவிடும். விடியற்காலை ஆறு மணிக்கு எழ முடிந்தால் அது இன்னும் நல்லது. நான்காம் சார்லஸ் மன்னர் 1357-இல் அடிக்கல் நாட்டிய பாலம், 516 மீட்டர், 16 வளைவு. முந்தைய கல்பாலம் 1342 வெள்ளத்தில் போனதால் இது கட்டப்பட்டது. 30 சிலைத் தொகுதிகளில் பழையது 1683-இல் வைத்த நெபோமுக் ஜான், தொட்டுத் தொட்டுப் பளபளக்கும் பித்தளைத் தகட்டால் அடையாளம் தெரியும். சிலைகளில் பல இப்போது நகல்களே. மணற்கல் காற்றின் மாசைத் தாங்காததால் மூலங்களை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள்.

பழைய நகரப் பக்கத்துக் கோபுரம் பீட்டர் பார்லரின் காலத்தது. அந்த 27 பேரில் பன்னிருவரின் தலைகளை இதில்தான் பத்தாண்டு தொங்கவிட்டிருந்தார்கள். அடியில் நின்று வளைவின் சிற்பங்களைப் பார்ப்பதற்கு விளக்கொளியே போதும். ஆற்றில் ஒரு மணி நேரப் படகுச் சவாரி விற்பவர்கள் இந்த முனையில்தான் நிற்பார்கள். நடந்து பார்த்தவருக்கு அதில் புதிதாக ஒன்றும் இல்லை. திரும்பும்போது மெட்ரோ நள்ளிரவு வரை ஓடும். அதற்குப் பின் 91 முதல் 99 வரை எண் கொண்ட இரவு டிராம்கள் உண்டு. அவை எல்லாம் லசார்ஸ்கா நிறுத்தத்தில் சந்திக்கும், பாலத்திலிருந்து அங்கே கால் மணி நேர நடை.